முள் எடுபடாமலே வலி குறைவது எப்படி?

தன் உடலில் இருந்த ஒரு முள்ளை எடுத்துவிடும்படி இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் ஆண்டவரிடம் மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் எடுபடவில்லை. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் உள்ள இந்த வரியை நம் ஊர் வேன் கண்ணாடிகளில்கூடப் பார்க்கலாம். அந்த முள் நோயா, வேறு துன்பமா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. நோய் அப்படியே இருக்கும்போது நோயாளிக்கு மட்டும் எப்படி இலேசாகிறது?

2008-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தவறாமல் வழிபடும் கத்தோலிக்கர் 12 பேர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் 12 பேர். கையில் சுருக்கென்று குத்தும் மின்னதிர்ச்சி கொடுத்தபடியே மூளையைப் படம்பிடித்தார்கள். கண்ணெதிரே ஒரு முறை கன்னி மரியாள் ஓவியம், இன்னொரு முறை லியோனார்டோ டா வின்சி வரைந்த ஒரு பெண்ணின் ஓவியம். அதிர்ச்சியின் அளவு மாறவில்லை. ஆனாலும் மரியாளைப் பார்த்தபோது வலி குறைவு என்றார்கள் கத்தோலிக்கர்கள். மற்றவர்களுக்கு எந்த ஓவியமானாலும் ஒரே வலிதான்.

அந்த நேரத்தில் கத்தோலிக்கர்களின் மூளையில் வலப்பக்க முன்மூளைப் புறணியின் கீழ்ப்பக்கவாட்டுப் பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. ஒரு துன்பத்துக்கு நாம் வேறு பொருள் கொடுத்துப் பார்க்கும்போது வேலை செய்யும் பகுதி அது. கையிலிருந்து வரும் சேதியை மூளை அப்படியே வலியாக்கிவிடுவதில்லை. எவ்வளவு ஆபத்து, எவ்வளவு பொருட்படுத்தலாம் என்று எடைபோட்ட பிறகே வலியை உணர்த்துகிறது. பவுலுக்குக் கிடைத்த பதிலும் முள்ளைத் தொடவில்லை, எடைபோடும் விதத்தைத்தான் மாற்றியது.

இன்னொரு வழி மூச்சு. ஜெபமாலையில் ஒருவர் “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்க, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். லத்தீன் மொழியில் இப்படி மாறிமாறிச் சொல்லும்போது ஒரு சுற்றுக்குச் சுமார் 10 விநாடி ஆகிறது, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு. இரத்த அழுத்தத்தின் இயல்பான ஏற்ற இறக்கமும் கிட்டத்தட்ட அதே தாளத்தில்தான் நடக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்போது அழுத்தத்தைக் கவனித்து இதயத் துடிப்பைச் சரிசெய்யும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது என்று 2001-இல் இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டி குழு 23 பேரிடம் அளந்து காட்டியது. ‘ஓம் மணி பத்மே’ என்று தொடங்கும் பௌத்த மந்திரமும் இதே பலனைத் தந்தது என்பது சிலருக்குக் கசக்கலாம். உடம்பு மதம் பார்ப்பதில்லை.

முன்பின் தெரியாதவர்கள் எங்கிருந்தோ ஜெபித்தால் நோய் தீருமா என்பதையும் அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான முடிவுகளின்படி, 1,802 இதய பைபாஸ் நோயாளிகளில், தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா என்று தெரியாதவர்களிடையே, ஜெபம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சிக்கல்களில் வேறுபாடு இல்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது, ஜெபம் பெற்றும் அது உறுதியாகத் தெரியாதவர்களில் 52. ‘ஜெபம் தேவைப்படும் அளவுக்கா என் நிலைமை’ என்ற கலக்கமாக இருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

விசுவாசம் காயப்படுத்தவும் செய்யும். உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழு, 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ‘தேவன் என்னைக் கைவிட்டார்’, ‘இது பிசாசின் வேலை’ என்று உழன்றவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் இறக்கும் அபாயம் கூடுதலாக இருந்தது. அந்த எண்ணம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் படுக்கையருகே நின்று “என்ன பாவம் செய்தாயோ” என்று கேட்கும் உறவினர் இதைப் படிக்க வேண்டும். யோவான் 9-ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்றுதான் இயேசு சொன்னார்.

அதற்காகக் குமுறலை அடக்கச் சொல்லவில்லை வேதம். 22-ஆம் சங்கீதம் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. சபை நடுவே துதிப்பது அதன் பிறகே வருகிறது. பார்கமென்ட் குழுவின் பிந்தைய ஆய்வும் தொட்டது இந்த இடத்தைத்தான்: இந்தப் போராட்டம் வந்துபோனவர்களைவிட, அதிலேயே நீண்டகாலம் சிக்கிக்கொண்டவர்களின் உடல்நிலைதான் அதிகம் சரிந்தது.