டிரேஸ்டுகெதர் தரவு: யார் பார்க்கலாம், எதுவரை வைத்திருக்கலாம்?

கொரோனா காலத்தில் சிங்கப்பூரில் இருந்தவர்கள் அந்தச் சிறு கருவியை மறந்திருக்க மாட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும். கழுத்துக் கயிற்றில் தொங்கும். திரை கிடையாது, பச்சை விளக்கு ஒன்று மட்டும் விட்டுவிட்டு மினுக்கும். தொற்று வந்தவரின் அருகில் இருந்தவர்களைக் கண்டறிவதற்காக 2020 மார்ச் 20 அன்று வெளியான டிரேஸ்டுகெதர் செயலியின் துணைக்கருவி அது. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களுக்கு முதலில் தந்தார்கள், பிறகு எல்லோருக்கும் கிடைத்தது. 2021 மே முதல் கடைத்தொகுதிக்குள் நுழைய இரண்டில் ஒன்று கட்டாயம் என்றானது.

இருவர் அருகருகே இருந்தால் அவர்களுடைய செயலிகள் புளூடூத் வழியாகத் தற்காலிகக் குறியீடுகளைப் பரிமாறிக்கொள்ளும். ஜிபிஎஸ் கிடையாது. பதிவு அவரவர் போனிலேயே 25 நாள் இருந்து தானாக அழிந்துவிடும். தொற்று உறுதியானால் மட்டுமே அது சுகாதார அமைச்சுக்குப் போகும். கருவியில் இணையத் தொடர்பே இல்லை என்பதால், தகவலை எடுக்க அதையே நேரில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதுவரை கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் குறியீட்டின் பின்னால் இருப்பவர் யார் என்று திறந்து பார்க்கும் சாவி அரசின் கையில் இருந்தது. தொலைபேசி எண்ணும் அடையாள எண்ணும் அரசிடம் பதிவாகியிருந்தன. செயலி இடத்தைக் குறிக்காவிட்டாலும், வாசலில் செய்த சேஃப்என்ட்ரி பதிவு எந்தக் கடைக்கு எப்போது போனோம் என்பதைக் குறித்துக்கொண்டது.

தொற்றுத் தடமறிதலைத் தவிர வேறெதற்கும் இந்தத் தரவு பயன்படாது என்று அரசு சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் மக்கள் சேர்ந்தார்கள். 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் வேறு விதமாகச் சொன்னார்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் காவல்துறை இந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம். மறுநாள் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே அப்படிப் பெறப்பட்டதாகத் தெரிவித்தார். முன்பு உறுதியளித்தபோது அந்தச் சட்டம் தமக்குத் தோன்றவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அவர் மறைக்காமல் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் அமைச்சரின் வாக்குறுதி ஒரு சட்டப் பிரிவுக்கு முன்னால் நிற்காது என்பது அன்றுதான் பலருக்குப் புரிந்தது. அதற்குள் மக்கள்தொகையில் முக்கால்வாசிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

எதிர்ப்பு வலுத்ததால் 2021 பிப்ரவரி 2 அன்று சட்டத்திருத்தம் நிறைவேறியது. அதன்படி காவல்துறை தரவைக் கேட்கக்கூடியது ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும்: பயங்கரவாதம், ஆபத்தான ஆயுதங்களைக் கொண்டு செய்யும் குற்றம், கொலை அல்லது கொடுங்காயம், மரண தண்டனைக்குரிய போதைப்பொருள் கடத்தல், பிறருக்குத் தீங்கு நேரக்கூடிய நிலையில் காவலிலிருந்து தப்புவது, ஆள்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம். வேறு எதற்காவது பயன்படுத்தினால், அரசு ஊழியரே ஆனாலும், 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தேவை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. இந்தக் காப்பு முதல் நாளே இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவின் தொற்றுத் தடமறியும் செயலியான ஆரோக்கிய சேது இதைவிட ஒரு படி கூடுதலாக இருப்பிடத்தையும் எடுத்தது. அதன் தரவுக்கான விதிகள் 2020 மே மாதம் ஒரு நிர்வாக நெறிமுறையாக மட்டுமே வந்தன. அந்தச் செயலிக்கென்று நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றவில்லை.

2023 பிப்ரவரியில் சிங்கப்பூர் டிரேஸ்டுகெதரை மூடியது. கருவிகளைச் சமூக மன்றங்களில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சேர்த்த தரவு அழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. அழிக்காமல் வைத்தது ஒன்றே ஒன்று: 2020 மே மாதத்துக் கொலை வழக்கு ஒன்றில் பயன்பட்ட தரவு.