ஏடிஎச்டி இருக்கா எண்டு போன்லயே பாக்கலாமா?

மலேரியாவ ஒரு சொட்டு இரத்தத்தில கண்டுபுடிக்கலாம், கை முறிஞ்சா எக்ஸ்ரே காட்டிக் குடுக்கும். கவனக்குறைவும் துறுதுறுப்பும் அவசரபுத்தியுமா வாற ஏடிஎச்டிக்கு அப்பிடி ஒண்டுமே இல்ல. இரத்தப் பரிசோதனை இல்ல, மூளைய ஸ்கேன் பண்ணினாலும் இந்தப் புள்ளைக்கு இருக்கு, அந்தப் புள்ளைக்கு இல்ல எண்டு சொல்ற நிலைமை இன்னும் வரல்ல. அப்ப டொக்டர் எத வச்சு முடிவெடுக்கிறார்? நாம சொல்ற கதைய வச்சுத்தான். அதாலதான் இந்த வேலையில பெரிய பங்க வாழைச்சேனையில இருந்தோ பொத்துவில்ல இருந்தோ போன்லயே முடிக்கலாம், மிச்சப் பங்க போன்ல முடிக்கவே ஏலா. எது எந்தப் பக்கம் எண்டு விளங்காம சிலர் புள்ளையையும் இழுத்துக்கொண்டு இராத்திரி ரயில்ல கொழும்புக்குப் போறாங்க, சிலர் பேஸ்புக்கில வாற நாலு கேள்விக்கு டிக் போட்டுட்டு எனக்கும் இருக்கு எண்டு முடிவே கட்டிர்றாங்க.

டொக்டர்மார் கூடுதலா பாவிக்கிற அளவுகோல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல வெளியிட்ட டிஎஸ்எம்-5. அதுல 18 அறிகுறி இருக்கு, 9 கவனம் சம்பந்தமானது, மத்த 9 துறுதுறுப்பும் அவசரமும். சின்னப் புள்ளைக்கு ஒரு பக்கத்துல ஆறு அறிகுறியாவது வேணும், 17 வயசும் அதுக்கு மேலயும் எண்டா அஞ்சு காணும். ஆனா எண்ணிக்கைய விட கடுமையான நிபந்தனை வேற இருக்கு: ஆறு மாசமாவது நீடிக்கணும், 12 வயசுக்கு முன்னமே தொடங்கியிருக்கணும், வீடு பள்ளிக்கூடம் எண்டு ரெண்டு இடத்திலயாவது தெரியணும், அதால படிப்போ வேலையோ உறவோ உண்மையா கெட்டுப்போகணும், வேற காரணத்தால மட்டும் வந்ததாவும் இருக்கப்படா. இதுல எத்தனைய ஒரு டொக்டர் தன்ட அறையில இருந்து கண்ணால பாக்கலாம்? கிட்டத்தட்ட ஒண்டும் இல்ல. களப்பு ஒருநாள் அசையாமக் கிடந்தா கச்சான் காத்தே வாறல்ல எண்டு சொல்லுவமா, அது மாதிரித்தான்.

இன்னொண்டு, புது இடமும் புது ஆளும் எண்டா துள்ளுற பொடியனும் அரைமணித்தியாலம் சாதுவா இருப்பான், இது நேர போனாலும் நடக்கும் சூம்லயும் நடக்கும். உம்மாமார் கேக்கிறது, போன்ல கேம் விளையாட ரெண்டு மணித்தியாலம் அசையாம இருக்கிறானே, பிறகு என்ன கவனக்குறைவு எண்டு. ஏடிஎச்டியில கவனம் இல்லாமப் போறல்ல, அத வேண்டிய இடத்துக்குத் திருப்புறதுதான் சிக்கல். மூளையில டோபமின், நோரட்ரினலின் எண்ட ரசாயனங்கள் வேலை செய்யிற விதத்தோட சம்பந்தப்பட்ட விசயம் இது, உடனுக்குடன் பரிசு தாற கேமுக்கு முன்னால இருக்கிற புள்ளையும் பின்னேரம் கணக்குக் கொப்பிக்கு முன்னால இருக்கிற அதே புள்ளையும் ரெண்டு ஆள் மாதிரித் தெரியும்.

அதால நல்ல டொக்டர் கமராவ நம்பமாட்டார், ஆக்களக் கேப்பார். வாண்டர்பில்ட் எண்டு ஒரு படிவம் இருக்கு, பெற்றாருக்கு 55 கேள்வி, டீச்சருக்கு 43. டீச்சர் அத நிரப்பி வட்ஸ்அப்ல அனுப்பினாலே ரெண்டாவது இடத்துச் சாட்சி கிடைச்சிரும். டியூசன் சேர், குர்ஆன் மதரசா ஹசரத், அறநெறி வகுப்பு டீச்சர் எண்டு நம்மட பக்கத்தில புள்ளைய வேற வேற இடத்தில பாக்கிற ஆக்களுக்குக் குறைவே இல்ல, அவங்கட ரெண்டு வசனமும் உதவும். வீட்டுப்பாடம் செய்யிற நேரம் பக்கத்தில நிண்டு எடுத்த அஞ்சு நிமிச வீடியோ, டொக்டர் கமராவுக்கு முன்னால இருத்திப் பாக்கிறத விட எவ்வளவோ மேல். அதோட லைன் இழுபடுற சூம்ல எல்லாரும்தான் குறுக்க குறுக்கக் கதைக்கிறம், அத அவசரபுத்திண்டு எழுதினா நம்மட சிக்னலுக்குத்தான் ஏடிஎச்டி!

டீச்சர்ட சாட்சியிலயும் ஒரு பொறி இருக்கு. வகுப்பில ஆகச் சின்ன வயசுப் புள்ளைகளுக்கு ஏடிஎச்டி எண்டு கூடுதலா முத்திரை விழுறது பல நாட்டு ஆய்வுகள்ல தெரிஞ்ச விசயம். இலங்கையில ஜனவரி 31க்கு அஞ்சு வயசு முடிஞ்சா முதலாம் ஆண்டுக்கு எடுப்பாங்க, அப்ப ஜனவரியில பிறந்த புள்ளை முந்தின பெப்ரவரிப் புள்ளைய விட கிட்டத்தட்ட ஒரு வருசம் இளமை. ஆறு வயசில ஒரு வருசம் லேசுப்பட்டதில்ல. டொக்டர் கேக்காட்டியும் பிறந்த மாசத்த நீங்களே சொல்லுங்க. மறுபக்கம், சத்தமில்லாம ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கொண்டிருக்கிற பொம்புளப் புள்ளைகள் யார்ட கண்ணுலயும் படாமலே வளந்திருவாங்க.

வளந்தவங்களுக்குச் சிக்கல் 12 வயசுக்கு முன்னமே தொடங்கியிருக்கணும் எண்ட அந்த நிபந்தனைதான். பழைய தேர்ச்சி அறிக்கையில "திறமை உண்டு, கவனம் போதாது" எண்ட மாதிரி ஒரு வரி கிடந்தா பெரிய சாட்சி, ஆனா 2004 டிசம்பர் 26ல கடலோட போன வீடுகள்ல, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிஞ்ச குடும்பங்கள்ல எந்தப் பேப்பர் மிஞ்சினது? அங்க அம்மா, மூத்த அக்கா, கூடப்படிச்ச ஆள் எண்டு யாராவது கோல்ல வந்து சொல்லணும், அவங்க கட்டார்ல இருந்தாலும் லண்டன்ல இருந்தாலும் சேரலாம் எண்டதுதான் ஒன்லைன்ல இருக்கிற பெரிய லாபம், நேர போற கிளினிக்ல அது லேசில நடக்கா. அதே நேரம், யுத்தத்துக்குள்ள வளந்த ஆளுக்கு நித்திரை குழம்புறது, சத்தத்துக்குப் பதறுறது, ஒண்டுலயும் மனசு நிக்காதது அந்த அனுபவத்தாலயும் வரும். ரெண்டும் வெளிய ஒரே மாதிரித் தெரியும், சிலருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும், எது எப்ப தொடங்கினது எண்டு ஆறுதலாக் கேட்டாத்தான் பிரிக்கலாம். இத இருபது நிமிசத்தில ஒராள் செய்து முடிச்சா அவர நான் நம்பமாட்டன்.

உலக சுகாதார நிறுவனத்தின்ட ஏஎஸ்ஆர்எஸ் எண்ட பெரியாக்களுக்கான படிவத்தில முதல் 6 கேள்விதான் நெட்ல சுத்துது. அது சல்லடை, தீர்ப்பு இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க: 1000 பேர்ல 25 பேருக்கு உண்மையா இருக்கு எண்டு வைப்பம். டெஸ்ட் அதுல 20 பேரப் புடிக்குது, இல்லாத 975 பேர்ல நூத்துக்கு 5 பேரத் தவறா புடிக்குது, அது 49 பேர். மொத்தம் 69 பேருக்கு "இருக்கு" எண்டு வரும், உண்மையா இருக்கிறது 20 பேருக்குத்தான். டெஸ்ட் மோசமெண்டு இல்ல, நோய் குறைவா இருக்கிற கூட்டத்தில எந்தச் சல்லடையும் இப்பிடித்தான் நடக்கும். எழுத்து வரேக்க பட்டன அமத்துற கம்ப்யூட்டர் டெஸ்டுகளும் துணைக்குத்தான், அதுவும் மில்லிசெக்கன்ல நேரம் எடுக்கிற டெஸ்ட பழைய போன்ல செஞ்சா புள்ளையோட சேத்து போன்ட வேகத்தையும்தான் அளக்குது.

போன்ல நடக்காதது உடம்ப பாக்கிறது. காது சரியாக் கேக்கா, கண் மங்கல், தைரொய்ட், இரும்புச்சத்துக் குறைவு, குறட்டையால கெடுற நித்திரை, சில செக்கன் வெறிச்சுப் பாக்க வைக்கிற ஒரு வகை வலிப்பு, எல்லாமே கவனக்குறைவு மாதிரி நடிக்கும். மெத்தில்பெனிடேட் மாதிரி ஏடிஎச்டிக்குக் குடுக்கிற குளுசை தொடங்க முதல் நாடித்துடிப்பு, பிரசர், நிறை, உயரம், குடும்பத்தில இதய வருத்தம் இருக்கா எண்டதெல்லாம் வேணும், ஏனெண்டா அந்த மருந்து துடிப்பையும் பிரசரையும் கூட்டும், பசியக் குறைக்கும். ஆறு வயசுக்குக் கீழ எண்டா முதல்ல பெற்றாருக்குப் பயிற்சி, மருந்து பிறகுதான். 2020ல கொரோனாவோட அமெரிக்காவில நேர பாக்காமலே இந்த மருந்த எழுத விட்டாங்க, சில ஒன்லைன் கம்பனிகள் அரைமணித்தியாலக் கதையில மருந்துத் துண்டு குடுக்க வெளிக்கிட்டு 2024 ஜூன்ல ஒரு கம்பனித் தலைவரையே கைதுசெய்யிற அளவுக்குப் போச்சு.

இந்த உடம்புப் பக்கத்துக்குக் கொழும்பு தேவையில்ல, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியோ கல்முனையோ காணும். கதையத் தூரத்து டொக்டரிட்டயும் அளவுகள கிட்டத்து ஆஸ்பத்திரியிலயும் எடுத்து ஒண்டாச் சேத்தாச் சரி. கதைக்கப் போற டொக்டர் இலங்கை மருத்துவச் சபையில பதிஞ்சவரா எண்டு பேரப் போட்டுத் தேடிப் பாருங்க, மச்சான் வெளிநாட்டில இருந்து ஒழுங்கு பண்ணின டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் இந்தக் குளுசைக்கு இங்க பதிவுள்ளவர்ட துண்டு வேணும். யாரிட்டத் தொடங்கிற எண்டே விளங்காட்டி 1926க்கு அடிக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின்ட இலக்கம் அது. மருந்து தொடங்கினா கொஞ்ச நாளால டீச்சர்ட்ட அதே படிவத்தத் திரும்பக் குடுங்க, மருந்து தொடங்கினத டீச்சருக்குச் சொல்லாமக் குடுத்தா இன்னும் நல்லம், அப்பதான் ஆசையில போட்ட மார்க்ஸ் எது, உண்மையான மாற்றம் எது எண்டு டொக்டருக்கு விளங்கும்.