உறிஞ்சும் வாயும் கவ்வும் வாயும்

சென்ற மாரியில் ஒரு நாள் இரவு, மட்டக்களப்பு வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி விறைப்பாகப் பிடித்திருந்தான். விரல் ஒருமுறை துடித்தது. உடனே கையைத் தலைக்கு மேல் வெட்டி இழுத்தான். மேலே வந்தது தலையில்லாத இறால் மட்டுந்தான். நான் நின்ற அரை மணித்தியாலத்தில் இதே கதை மூன்று முறை நடந்தது. "கடிக்குது அண்ணன், ஆனா ஏறுதில்ல" என்றான்.

அதே கிழமை கனடாவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் ஒன்ராறியோவில் ஏரிக்கரையோரம் தூண்டில் போடப் பழகத் தொடங்கியிருக்கிறான். அங்கே பலரும் தேடிப் போகும் மீன்களில் ஒன்று நோர்தேர்ன் பைக். தாரா அலகு போல் தட்டையான நீண்ட மூஞ்சி, பச்சை உடம்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள். அவன் முறைப்பாடு வேறு. "ஏறுது மாமா, ஆனா தங்கூசிய வெட்டித்துப் போயித்து."

பாலத்துத் தம்பி தேடியது கொடுவா. கொடுவாவும் பைக்கும் ஒரே மாதிரி வேட்டைக்காரர்கள். இரையைத் துரத்தி அலைவதில்லை. மறைந்து நின்று, இரை கிட்ட வந்ததும் ஒரே பாய்ச்சலில் முடிப்பவை. ஆனால் அந்தக் கடைசிக் கணத்தில் வாய் செய்யும் வேலை இரண்டுக்கும் ஒன்றல்ல. அதைப் புரிந்துகொண்டால் இருவருடைய சிக்கலும் தீர்ந்துவிடும்.

முதலில் கொடுவா. அது இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தால் பெரிய பற்கள் எதுவும் தட்டுப்படாது. அரத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். அதன் ஆயுதம் வாயின் கொள்ளளவு. இரை அருகில் வந்ததும் தாடை, தொண்டை, செவுள் மூடி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் விரிக்கிறது. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் இது நடந்து முடிந்துவிடும். உள்ளே திடீரென இடம் உண்டாவதால் அழுத்தம் சரிந்து, வெளியே இருக்கும் தண்ணீர் வாய்க்குள் பாய்கிறது. அந்தத் தண்ணீரோடு சேர்ந்து இறாலும் போகிறது. பிறகு வாய் மூடிக்கொள்ள, தண்ணீர் செவுள் வழியே வெளியேற, இறால் உள்ளே தங்கிவிடுகிறது. இரவில் வாவியின் மேற்பரப்பில் "டொப்" என்று வெடிப்பது போல் ஒரு சத்தம் கேட்கும். அது இந்த உறிஞ்சலின் சத்தந்தான்.

கசகசா போட்ட சர்பத்தை ஸ்ட்ரோவால் குடித்துப் பாருங்கள். ஸ்ட்ரோவின் நுனிக்கு ஒட்டியிருக்கும் விதைகள் சட்டென்று மேலே ஏறும். ஒரு விரலளவு தள்ளி இருப்பவை அசையவே மாட்டா. மீனின் உறிஞ்சலும் அப்படித்தான். வாயின் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்துக்குத்தான் அதன் வலு எட்டும். அதனால்தான் கொடுவா இரைக்கு மிக அருகில் வந்த பிறகே வாயைத் திறக்கிறது.

இப்போது அந்தத் தம்பியின் விரலுக்கு வருவோம். கட்டில்லாத இறால் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். விறைத்த தங்கூசியில் கட்டிய இறால் போகாது. அதைப் பின்னால் பிடித்து இழுக்க ஒரு விரல் இருக்கிறதே! தண்ணீர் மட்டும் மீனின் வாய்க்குள் போக, இறால் உதட்டோரத்தில் நின்றுவிடுகிறது. தூண்டில் முள் எங்கும் ஏறவில்லை. அதற்குள் நாமும் வெட்டி இழுத்தால் மீனின் வாயிலிருந்து நாமே பிடுங்கி எடுத்தது போலாகும். ஆகவே உயிர் இறாலோ மணலை என்ற சிறு மீனோ இரையாகப் போட்டால், தங்கூசியில் ஒன்றிரண்டு முழம் தளர்வு விட வேண்டும். துடிப்புத் தெரிந்ததும் இழுக்காமல், மீன் இரையோடு திரும்பித் தங்கூசி தானாக ஓடத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் பாவிப்பவர்கள் வெட்டி இழுக்கவே கூடாது. மெதுவாக விறைப்பேற்றினால் போதும். முள் தானாக வழுக்கி வந்து வாயின் மூலையில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் தொண்டைக்குள் போகாததால், சிறிய மீனாக இருந்தால் பெரிய காயமில்லாமல் விடவும் முடியும்.

பைக்கின் விடயம் வேறு. அதன் முதுகுச் செட்டையும் அடிச் செட்டையும் உடம்பின் கடைசியில், வாலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் ஒரே அகன்ற துடுப்பு. அது பாசிக்குள் மரக்கட்டை போல நிற்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் உடம்பைப் பாம்பு போல இரண்டு வளைவாக மடித்து, வில்லை விட்ட மாதிரி நிமிரும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு வேகவளர்ச்சி இந்தப் பாய்ச்சலில் அளக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்குள் இந்தப் பாய்ச்சல்! முன்னாலிருந்து பார்த்தால் பைக்கின் உருவம் ஒடுங்கித்தான் தெரியும். அதனால் இரைமீன் ஆபத்தை உணரப் பிந்திவிடுகிறது.

வந்த வேகத்தில் அது இரையை நடு உடம்பில் குறுக்காகக் கவ்வுகிறது. கீழ்த்தாடையில் ஊசி போன்ற பற்கள். மேலண்ணம் முழுக்கப் பின்னோக்கிச் சாய்ந்த சிறு பற்கள். உள்ளே போவது எளிது, திரும்பி வருவது இயலாது. கவ்விய இரையைப் பிறகு ஆறுதலாகத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். மருமகனின் தங்கூசி அறுந்தது இந்தப் பற்களில்தான். சாதாரணத் தங்கூசி அந்தப் பல்லில் உராய்ந்தால் போய்விடும். முள்ளுக்கு மேலே ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு உருக்குக் கம்பி கட்டச் சொன்னேன். இது மீனுக்காகவுந்தான். தங்கூசி அறுந்தால் வாயில் முள்ளோடு அலைவது அதுதானே. அப்புறம், பைக்குக்கு உலோகத் தகட்டாலான போலி இரை வீசும்போது தளர்வு விடுவது பிழை. கவ்வியது இரும்பு என்று தெரிந்தால் அது துப்பிவிடும். அதனால் அங்கே உடனே இழுக்க வேண்டும். இங்கே பிழையாக இருப்பது அங்கே சரி. இணையத்தில் பைக் பிடிக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு வாவியில் வந்து அப்படியே செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

சரி, மறைந்து நிற்கும் மீனுக்கு இருட்டிலும் கலங்கல் நீரிலும் இரை வருவது எப்படித் தெரிகிறது? மீனின் விலாவில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பக்கக்கோடு. தோலுக்கடியில் ஒரு மெல்லிய கால்வாய், அதற்குள் இழுது போன்ற சிறு தொப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்மயிர் உணர்கலங்கள். பக்கத்தில் ஒரு இறால் வாலை உதறினால் தண்ணீர் அசையும், தொப்பி சாயும், மீனுக்குச் செய்தி போய்விடும். இது உடம்பு நீளத்தில் ஒன்றிரண்டு மடங்கு தூரத்துக்குத்தான் வேலை செய்யும், ஆனால் அந்த எல்லைக்குள் மிகத் துல்லியமானது. செத்த இறாலைவிடத் துள்ளும் இறாலுக்கு மதிப்பு அதிகம் என்பதன் காரணம் இங்கே இருக்கிறது.

தூரத்துச் சத்தத்துக்குக் காது உண்டு. மட்டக்களப்பாருக்கு இதை விளக்குவது எளிது. பூரணை இரவில் பாடும் மீனை, அதாவது வாவிக்குள்ளிருந்து எழும் இசை போன்ற ஒலியை, கேட்கத் தோணியில் போனவர்கள் என்ன செய்வார்கள்? துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைப்பார்கள். நீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. காற்றுக்கு வருவது மிக மிகச் சொற்பம். மரத்தின் வழியே என்றால் காதுவரை வந்து சேரும். அதே விதி மறுபக்கமும் உண்மை. தோணியில் இருந்து நீங்கள் கதைப்பது மீனுக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆனால் பலகையில் குதிகாலை இடித்தால், ஈயக்கட்டியைப் போட்டால், அது தண்ணீருக்குள் நேரே போகும், அதுவும் வினாடிக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் வேகத்தில். புதிதாக வருபவர்களை வாயை மூடச் சொல்வதைவிடக் காலை அடக்கச் சொல்வதே பயன்.

இனி, எங்கே போடுவது? 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்துக்கு அருகில் 2013இல் புதிய பாலமும் வந்துவிட்டது. இரவில் பாலத்து விளக்கு நீரில் விழும் இடத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். நிழலுக்குள் நிற்பவனுக்கு வெளிச்சத்தில் போவது வடிவாகத் தெரியும். வெளிச்சத்தில் நிற்பவனுக்கு நிழலுக்குள் ஒன்றும் தெரியாது. கொடுவா நிற்பது அந்த நிழல் பக்கத்தில், நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து. அதன் கண்ணில் கைவிளக்கை அடித்தால் செந்நெருப்பாக மின்னும். விழித்திரைக்குப் பின்னே இருக்கும் ஒளி தெறிக்கும் படலந்தான் காரணம். தூணுக்குப் பின்னால் ஓட்டம் தணிந்திருப்பதால் நீந்திக் களைக்காமல் அங்கே காத்திருக்கலாம். மாரியில் முகத்துவாரம் திறந்து வாவி நீர் கடலுக்கு ஓடும்போது சிறு மீன்கள் அள்ளுண்டு வரும்; அப்போது இப்படிப்பட்ட தூண்கள் எல்லாம் கொடுவாவுக்குச் சாப்பாட்டு மேசை.

உள்ளே உன்னிச்சைக் குளத்துப் பக்கம், அம்பாறைக் குளங்கள் பக்கம் போனால் கொடுவாவின் இடத்தில் விரால் நிற்கும். அது செவுளை மட்டும் நம்பி வாழாத மீன். அடிக்கடி மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிப் போகும். தாமரை இலைகளுக்கிடையில் அந்தக் குமிழைக் கண்டால் அதற்கு அப்பால் இரையைப் போட்டு மெல்ல இழுத்து வரலாம். கரையில் நிமிர்ந்து நிற்காமல் குந்தியிருங்கள். ஒளி வளைவதால் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்ட யன்னல் வழியாகவே தெரிகிறது; தாழ்வாக இருப்பவை அதன் ஓரத்தில் நசுங்கி மங்கிப்போகும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. கிட்டப் போவது எதையும் அவை தாக்கும் என்பதால் பிடிப்பது மிகச் சுலபம். தயவுசெய்து அங்கே போடாதீர்கள். காவல் போனால் அந்தத் திரள் மற்ற மீன்களுக்குத் தீனியாகிவிடும்.

கொடுவாவிலும் இப்படி விட்டுவைக்க வேண்டியது ஒன்று உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுகின்றன. ஆகவே மிகப் பெரிய கொடுவா என்றால் அநேகமாக முட்டையிடும் தாய். கறிக்கு நடுத்தர மீனே ருசி. பெரியதைத் திருப்பி விட எனக்கு மனம் வருகிறது. விடும்போதும் எடுக்கும்போதும் செவுள் மூடியின் ஓரத்தில் விரலை வைக்காதீர்கள், அது சவர அலகு போல வெட்டும். கீழுதட்டைப் பெருவிரலால் பிடித்து, மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். பைக்கின் உதட்டில் மட்டும் அப்படிப் பிடித்துவிட வேண்டாம் என்று மருமகனுக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். அதற்கு நீண்ட குறடு வேண்டும்.

அன்றிரவு அந்தத் தம்பி விரலிலிருந்து தங்கூசியை அவிழ்த்து, இரண்டு முழம் தளர்த்திப் பாலத்துக் கம்பியில் சும்மா சாய்த்து வைத்தான். கொஞ்ச நேரத்தில் தளர்ந்து கிடந்த தங்கூசி ஓசையில்லாமல் நிமிரத் தொடங்கியது. அவன் கை இழுக்கப் பதறியது. "பொறு" என்றேன்.