கேத்தில் சுண்ணாம்பும் கால் அமுக்கும் சப்பாத்தும்

கனடாவிலிருந்து வந்த மச்சான் தந்துவிட்டுப் போன காற்றழுத்தச் சப்பாத்தை முதன்முறை துடைத்து, முற்றத்துக் கொடியில் போட்டேன். பின்னேரம் எடுத்துப் பார்த்தால் கறுப்புத் துணியெங்கும் வெள்ளைத் திட்டு. அழுக்கை எடுக்கப் போய் அழுக்கைப் பூசியிருக்கிறேன். கொடியில் போட்டதும் பிழைதான் என்பது பிறகுதான் விளங்கியது.

ஓட்டக்காரரும் பந்தடிக்கிறவர்களும் பயிற்சி முடிந்த கையோடு மாட்டுகிற சாமான் இது. தொடை வரை வரும். உள்ளே நாலைந்து காற்றறைகள், ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஏறியபடி. பம்ப் முதலில் பாதத்து அறையை நிரப்பும், பிறகு படிப்படியாக மேலே போகும், கடைசியில் எல்லாவற்றையும் தளர்த்தும். மேலே தள்ளுப்பட்ட இரத்தம் திரும்பக் கீழே இறங்காமல் நாளங்களின் வால்வுகள் பார்த்துக்கொள்ளும். அமுக்கம் 100 மில்லிமீற்றர் இரசம் (இரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகு) என்றால், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 136 கிராம் பாரம். பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் இடத்தில் 13 கிலோவுக்கு மேல்! (காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.)

இந்தக் காற்றைப் பிடித்துவைக்க, நைலோன் துணியில் பொலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். காற்றுப் போகாத துணியால் வியர்வையும் போகாது. வியர்வைக்கென்று பெரிய மணம் கிடையாது. தோலில் வாழும் பக்டீரியா அதிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க, ஐசோவலரிக் அமிலம் உண்டாகிறது. சப்பாத்து நாற்றத்தில் பெரும்பங்கு அதற்குத்தான். ஆகவே வெறுங்காலில் மாட்டாமல் நீளக் காற்சட்டையும் சொக்ஸும் போடுங்கள். நோவுக்கு எண்ணெய் பூசிவிட்டு மாட்டுவதை எங்கள் வீட்டில் நிறுத்தப் பெரும்பாடு பட்டேன். வாஷிங் மெஷினில் போடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், ஒட்டுக்கள் விட்டுவிடும்.

அந்த வெள்ளைத் திட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் அடித்தளம் மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அந்தக் கல்லைக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. தண்ணீர் கொதித்தாலோ வற்றினாலோ அது திரும்பவும் சுண்ணாம்பாகப் படியும். கேத்தில் அடியில் வெள்ளைத் தகடாக நிற்பது அதுதான். இந்தத் தண்ணீரில் சவர்க்காரமும் நுரைக்காது, கல்சியத்தோடு சேர்ந்து பசைபோலத் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

கேத்தில் கெட்டுப்போவதே இங்கே நமக்கு உதவி. கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த தண்ணீரில் சுண்ணாம்பில் பெரும்பகுதி ஏற்கெனவே படிந்துவிட்டிருக்கும். மேலாக வார்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு துளி விட்டு, பிழிந்த துணியால் உட்புறத்தைத் துடையுங்கள். பிறகு வெறுந்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இன்னொருமுறை. பம்பின் காற்றுக்குழாய் பொருத்தும் வாய்களுக்குள் ஒரு சொட்டும் இறங்கக்கூடாது. மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் கொதிக்கவைக்கும் வேலையும் மிச்சம். பழைய திட்டு ஈரத்துணிக்கே போனால் வியர்வை உப்பு. போகாவிட்டால் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள்; பொங்கினால் சுண்ணாம்பு. பார்த்த கையோடு சாற்றைத் துடைத்துவிட வேண்டும்.

காயப்போடும் இடம் விறாந்தை, மின்விசிறிக்கு முன்னால், சிப்பை முழுக்கத் திறந்து. வெயிலின் புறஊதாக்கதிர் படலத்தை வெடிக்கவைக்கும். அதற்காக ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தாலும் ஆபத்து: ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும், காலப்போக்கில் நீர் பொலியூரித்தேன் சங்கிலிகளை வெட்டிப் படலத்தைப் பிசுபிசுப்பாக்கும். மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். சிப் இறுகினால் மெழுகுதிரியால் தேய்த்தால் போதும். கனநாள் பாவிக்காவிட்டால் பம்பின் பற்றறியைப் பாதிச் சார்ஜில் விடுவது நல்லது. முழுச் சார்ஜும் வெக்கையும் சேர்ந்தால் அது வேகமாகக் கிழடாகும்.

போன மாதம் ஒரு கால் மட்டும் இறுகாமல் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் ரியூப்பை முக்குவதுபோல் இதை வாளியில் முக்க முடியாது. அறையை ஊதவைத்து, சவர்க்கார நுரையைத் தூரிகையால் தொட்டுக்கொண்டு போனேன். தையலில் ஒன்றுமில்லை. குழாய் பொருத்தும் வாயில் மட்டும் குமிழ் எழும்பியது. அமுக்கத்தை இறக்கிக் கழற்றிப் பார்த்தால், கறுப்பு ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துணிக்கை. ஈரப் பஞ்சால் எடுத்துவிட்டுப் பூட்டினேன், குமிழ் நின்றது.