நிக்காஹ்வைப் பதிவு செய்தால் ஷரீஅத் மாறிவிடுமா?

தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடி, தேங்காய்ப்பட்டணம் என்று குமரி மாவட்டத்தில் எந்த ஊர் நிக்காஹ்வும் (இஸ்லாமிய முறைத் திருமணம்) முதலில் ஏறுவது ஜமாஅத் தப்தரில்தான், அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தின் பதிவேட்டில்தான். மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை) எவ்வளவு, வலி (பெண்ணின் பொறுப்பாளர்) யார், சாட்சிகள் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மார்க்கப்படி திருமணம் அதோடு நிறைவு. ஆனால் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. அதன்படி சார் பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

கெடு 90 நாள். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, கல்யாணம் நடந்த ஊரில்தான் பதிய வேண்டும் என்றில்லை. மாப்பிள்ளை அல்லது பெண் குடியிருக்கும் பகுதி அலுவலகத்திலும் பதியலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, ஜமாஅத் தரும் நிக்காஹ் சான்று, சாட்சிகள் இருந்தால் போதும். கல்ஃபிலிருந்து லீவில் வந்து கல்யாணம் முடிப்பவர்கள் விருந்துகளுக்கு நடுவிலேயே இதை முடித்துவிடுவது நல்லது. பிறகு குடும்ப விசாவுக்கு இந்தச் சான்றிதழைத்தான் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சரி, பலருக்கும் இருக்கும் தயக்கம் வேறு: "அரசிடம் பதிந்தால் ஷரீஅத் சட்டம் நமக்குப் பொருந்தாமல் போகுமா?" போகாது. 2009 சட்டம் நடந்த கல்யாணத்துக்குச் சான்று தருகிறது, அவ்வளவுதான். மஹர், தலாக் (கணவர் சொல்லும் மணவிலக்கு), வாரிசுப் பங்கு எல்லாம் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படியே தொடரும்.

மாற்றம் வருவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தால். நிக்காஹ் முடித்தவர்களும் அதில் பதியலாம். ஆனால் அப்புறம் சொத்துப் பங்கீடு இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போய்விடும். 2023இல் பக்கத்து மாநிலத்தில், காசர்கோடு மாவட்டத்தில் ஒரு தம்பதி, சொத்து முழுவதும் மகள்களுக்கே சேர வேண்டும் என்பதற்காகவே இந்தச் சட்டத்தில் மறுபடி திருமணம் செய்துகொண்டார்கள். தெரிந்து செய்தால் அது அவரவர் விருப்பம். எந்தச் சட்டம் என்று பார்க்காமல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதுதான் வம்பு. அலுவலகச் சுவரில் கட்டணத்தையும் கெடுவையும் ஒட்டுவதோடு நிற்காமல் இந்த வித்தியாசத்தையும் இரண்டு வரியில் எழுதலாம். அதுவரை, ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) முடிந்து மைக்கில் ஜமாஅத் செயலாளர் சொன்னால் ஊருக்கே போய்ச் சேரும்.

நிக்காஹ் நடத்தி வைக்கும் காஜி விஷயத்திலும் குழப்பம் உண்டு. 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டப்படி அரசு காஜியை நியமிக்கிறது. ஆனால் அந்த நியமனம் அவருக்கு நீதிபதியின் அதிகாரத்தைத் தருவதில்லை. காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான் என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்லும் முத்தலாக் என்றால் கதையே வேறு: 2019 சட்டப்படி அது செல்லாது, சொன்ன கணவருக்கு 3 ஆண்டு வரை சிறை. எனவே மணமுறிவுக்குச் சட்டப்படியான அத்தாட்சி தேவைப்படும் பெண்கள் காஜியின் தாளை மட்டும் நம்பி இருக்காமல், 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.