ஃபிளாஷ் பாயின்ட்: பற்றுவது எண்ணெய் அல்ல, அதன் ஆவி

பெயின்ட் கம்பெனி, அச்சகம், ஒர்க்‌ஷாப், எண்ணெய்க் கிடங்கு என்று எரியும் திரவம் புழங்குகிற எந்த இடத்திலும் இந்தச் சொல் காதில் விழும். தின்னர் டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் ஒன்பதாவது பகுதியைப் பார்த்தால் ஃபிளாஷ் பாயின்ட் என்று எழுதி, நேரே ஓர் எண் போட்டிருப்பார்கள். 'இத்தனை டிகிரியில் இது தீப்பிடிக்கும்' என்றுதான் பெரும்பாலானோர் அதைப் படிக்கிறார்கள். அப்படிப் படிப்பதால் தொழிலிடத்தில் ஆபத்து வருகிறது. அதனால் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

பெட்ரோலோ மண்ணெண்ணெயோ திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் மேற்பரப்பிலிருந்து ஆவி கிளம்பிக் காற்றோடு கலக்கிறது. அந்தக் கலவைதான் எரிகிறது. கலவையில் ஆவி மிகக் குறைவாக இருந்தால் பற்றாது, மிக அதிகமாக இருந்தாலும் பற்றாது. பெட்ரோல் ஆவிக்கு இந்த வரம்பு ஏறக்குறைய 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை. திரவத்தைக் குளிர்ச்சியாக வைத்தால் ஆவி குறைவாகக் கிளம்பும், சூடேற ஏற அது கூடும். வெளியிலிருந்து ஒரு சுடரையோ பொறியையோ காட்டினால் குப்பென்று பற்றும் அளவுக்கு ஆவி சேர்ந்துவிடுகிற மிகக் குறைந்த வெப்பநிலைதான் ஃபிளாஷ் பாயின்ட்.

ஆக, அந்த எண் நெருப்பின் சூட்டைச் சொல்லவில்லை, திரவத்தின் சூட்டைச் சொல்கிறது. பெட்ரோலுக்கு இது மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. ஊட்டியின் மார்கழிக் குளிரிலும் பெட்ரோல் பற்றத் தயாராகவே இருக்கிறது, பொறி ஒன்றுதான் பாக்கி. அசிட்டோனுக்கு மைனஸ் 20, டொலுவீனுக்கு 4 டிகிரி.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் இரண்டு உண்டு. ஃபிளாஷ் பாயின்ட்டில் ஆவி ஒரு கணம் பற்றி அணைந்துவிடலாம். அதற்குச் சில டிகிரி மேலே போனால் பற்றிய தீ தொடர்ந்து எரியும் அளவுக்கு ஆவி வந்துகொண்டே இருக்கும். அது ஃபயர் பாயின்ட். சுடரோ பொறியோ இல்லாமல் வெறும் சூட்டிலேயே பற்றிக்கொள்வது ஆட்டோ இக்னிஷன் வெப்பநிலை. பெட்ரோல், டீசல் போன்றவற்றுக்கு இது இருநூறு டிகிரிக்கு மேலே இருக்கும் கணக்கு. இதில் டீசல் பெட்ரோலைவிட முந்திக்கொள்கிறது, தானாகப் பற்ற அதற்குக் குறைந்த சூடே போதும். டீசல் இன்ஜின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஓடுவது அதனால்தான்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் ஃபிளாஷ் என்பது முதலில் தண்ணீர் சளாரென்று அடிப்பதைக் குறித்த ஒலிக்குறிப்புச் சொல். பிற்பாடுதான் வெளிச்சம் பளிச்சென்று தோன்றி மறைவதற்கு வந்தது. அதை எண்ணெயோடு சேர்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளக்கு. 1850களிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கு உலகமெங்கும் பரவியது. மண்ணெண்ணெயைக் காய்ச்சி எடுக்கும்போது கூடவே வரும், பெட்ரோல் போன்ற லேசான நாஃப்தாவுக்கு அன்று வாங்க ஆள் இல்லை, கார்கள் இன்னும் வரவில்லை. வீணாகிற நாஃப்தாவை மண்ணெண்ணெயில் கலந்து விற்றார்கள். விளக்குகள் வெடித்தன, வீடுகள் எரிந்தன. விற்கிற எண்ணெய் எத்தனை டிகிரியில் பற்றும் ஆவியை விடுகிறது என்று சோதித்தாக வேண்டிய கட்டாயம் அப்படித்தான் வந்தது.

சோதனைக் கருவியைச் சரியாக அமைத்துக் கொடுத்தவர் பிரிட்டிஷ் ராணுவத் துறையின் வேதியியலாளர் ஃபிரெடெரிக் ஏபல். அதற்கு முன் திறந்த கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கிச் சுடரைக் காட்டுவார்கள். ஆவி பாதி காற்றோடு போய்விடுவதால் எண் உயர்ந்து தெரியும், மோசமான எண்ணெயும் தேறிவிடும். ஏபலின் கருவியில் கிண்ணத்துக்கு மூடி உண்டு. சுற்றிலும் நீர் உள்ள தொட்டி எண்ணெயை மெல்ல மெல்லச் சூடேற்றும். அரை டிகிரி ஏறும்போதெல்லாம் மூடியிலுள்ள சின்னச் சன்னலை நகர்த்த, ஒரு பொடிச் சுடர் உள்ளே எட்டிப் பார்த்துத் திரும்பும். பலமுறை ஒன்றும் நடக்காது. பிறகு ஒருமுறை நீலச் சுடர் ஒன்று எண்ணெயின் மேற்பரப்பு முழுக்க ஓடி அடங்கும். அந்தக் கணத்தில் வெப்பமானியில் இருப்பதுதான் எண். 1879ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பெட்ரோலியச் சட்டம் இந்த மூடிய கிண்ணச் சோதனையை ஏற்றது. இந்தியாவில் மண்ணெண்ணெயை இன்றும் ஏபல் கருவியில்தான் சோதிக்கிறார்கள்.

நம் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் முழுவதும் இந்த ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. ஃபிளாஷ் பாயின்ட் 23 டிகிரிக்குக் கீழே என்றால் ஏ வகுப்பு, அதிலே பெட்ரோல் வரும். 23 முதல் 65க்குள் பி வகுப்பு, மண்ணெண்ணெயும் டீசலும். 65 முதல் 93க்குள் சி வகுப்பு, உலை எண்ணெய் போன்றவை. எவ்வளவு வைத்திருந்தால் உரிமம் வேண்டும், எந்தக் கலத்தில் வைக்கலாம் என்பதெல்லாம் வகுப்பைப் பொறுத்தது. விற்பனைக்கு அல்லாத ஏ வகுப்புத் திரவம் உரிமம் இல்லாமல் 30 லிட்டர்தான் வைக்கலாம், பி வகுப்பு 2,500 லிட்டர் வரை.

இப்போது தமிழுக்கு வருவோம். பெட்ரோலியத்துக்குப் பாறைநெய் என்றொரு சொல் உண்டு. லத்தீனில் பெட்ரா பாறை, ஓலியம் எண்ணெய் என்பதால் அது நேர்ப் பெயர்ப்பு. மக்கள் வாயில் நின்றது மண்ணெண்ணெய்தான். எள்ளின் நெய்தான் எண்ணெய் என்பதை நினைத்தால், மண்ணிலிருந்து வந்ததற்கும் எள் ஒட்டிக்கொண்டது அழகு. சில ஊர்களில் சீமெண்ணெய் என்றும், கிருஷ்ணாயில் என்றும் சொல்லிக் கேட்கலாம்.

ஃபிளாஷ் பாயின்ட்டுக்குப் 'தீப்பற்றும் வெப்பநிலை' என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. படிக்க எளிதாக இருந்தாலும், எனக்கு அதில் நிறைவில்லை. ஃபயர் பாயின்ட்டும் தீப்பற்றும் வெப்பநிலைதான், தானாகப் பற்றுவதும் அதுதான். மூன்றும் ஒரே சொல்லுக்குள் மயங்கிவிடுகின்றன. எது பற்றுகிறது என்பதும் சொல்லில் இல்லை. 'பளிச்சிடு நிலை' மூலத்துக்கு நெருக்கம், ஆனால் டிரம்மில் ஒட்டினால் வேலை செய்பவருக்கு எதுவும் புரியாது. 'ஆவிப்பற்று நிலை' என்று நான் எழுதி வருகிறேன். பற்றுவது ஆவி என்பதை அது முன்னாலேயே சொல்லிவிடுகிறது. ஃபயர் பாயின்ட்டை 'நின்றெரி நிலை' என்றும், மற்றதைத் 'தன்பற்று நிலை' என்றும் சொன்னால் மூன்றும் தனித்தனியாக நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் நடந்ததைச் சொல்லும்போது யாரும் இதையெல்லாம் தேடுவதில்லை. "குப்புனு பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். அந்தக் 'குப்' ஃபிளாஷ் என்ற சொல்லின் முழுப் பொருளையும் தாங்கி நிற்கிறது.

டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'இன்' ஆங்கிலத்தில் பல இடங்களில் இல்லை என்று பொருள் தரும், இங்கே அப்படி இல்லை. தீயணைப்புப் பாதுகாப்பு அமைப்புகள் இந்தக் குழப்பத்தால்தான் 'ஃப்ளேமபிள்' என்பதற்கு மாறின. தமிழில் 'எளிதில் தீப்பற்றக்கூடியது' என்று எழுதும்போது அந்தப் பிரச்சினையே இல்லை. பலகையில் தமிழும் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது மொழிப்பற்றால் மட்டும் அல்ல.

எண்ணைத் தொழிலிடத்தில் எப்படிப் படிப்பது? கொட்டகையின் வெப்பத்தோடு ஒப்பிட்டுத்தான். இந்தியத் தரப்படி மண்ணெண்ணெயின் ஆவிப்பற்று நிலை குறைந்தது 35 டிகிரி. தை மாதக் காலையில் ஒரு தட்டு மண்ணெண்ணெய் தீக்குச்சிக்கு அவ்வளவு எளிதில் அசையாது. வேலூரில் கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அதே தட்டு 35ஐ எளிதில் தாண்டியிருக்கும். குளிர்நாட்டுக் கையேட்டில் 'சாதாரண வெப்பநிலையில் பற்றாது' என்று இருப்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கழிவுத்துணியில் ஊறியிருந்தாலும், ஸ்பிரேயில் பனியாகப் பறந்தாலும், இந்த எண்ணுக்குக் கீழேயே பற்றும். மண்ணெண்ணெயில் சிறிது பெட்ரோல் கலந்தாலே ஆவிப்பற்று நிலை தடதடவென்று இறங்கிவிடும். அச்சகத்தில் ரோலர் துடைக்க இரண்டையும் கலப்பவர்கள் கையில் இருப்பது ஏறக்குறைய பெட்ரோல்தான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, கார் பழுதுபார்க்கும் குழியிலும் சாக்கடையிலும் தேங்கும். பாட்டில் ஓரிடத்தில் இருக்க, பொறி இருபதடி தள்ளி இருக்கலாம். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் கசிந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவி பரவியது. பிறகுதான் பற்றியது. 11 பேர் இறந்தார்கள், தீ நாள்கணக்கில் எரிந்தது. வாடை வந்தவுடன் ஃபேன் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்கூட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஊற்றும்போது குழாயோடு உரசி எண்ணெயில் நிலைமின்சாரம் ஏறும். அதற்காகத்தான் உலோக டிரம்மையும் உலோகக் கேனையும் கம்பியால் இணைத்து, தரையிணைப்பும் கொடுத்துவிட்டு ஊற்றுகிறார்கள். கேனை வண்டி மேல் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைப்பதும் அதே காரணத்துக்காக.

கடைசியாக ஒரு சொல், காலி. அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. அமெரிக்க மொழியியலாளர் பெஞ்சமின் லீ வொர்ஃப் தீ காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீத்தடுப்பு ஆய்வாளராகவும் வேலை பார்த்தவர். பெட்ரோல் நிறைந்த டிரம் இருக்கும் இடத்தில் ஆட்கள் கவனமாக நடக்கிறார்கள், காலி டிரம் இருக்கும் இடத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று அவர் கவனித்து எழுதினார். ஆபத்து கூடுதல் காலி டிரம்மில்தான். நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடமில்லை, காலி டிரம்மில் முழுக்க ஆவியும் காற்றும். அடியில் ஒட்டியிருக்கும் ஒரு கரண்டித் திரவம் போதும்.

நம் ஊரில் அந்த டிரம்மைத்தான் கேஸ் கட்டரால் வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்குகிறார்கள். மூடியைத் திறந்து வெயிலில் வைத்தால் போதும் என்பது தவறு. நீராவி அடித்துக் கழுவி, உள்ளே எரியும் ஆவி இருக்கிறதா என்று மீட்டரால் பார்த்த பிறகே அதில் வெட்டுவது, வெல்டிங் போன்ற சூடான வேலை செய்யலாம். மீட்டர் இல்லாத பட்டறை அந்த டிரம்மை வெட்டாமல், டிரம் சுத்தம் செய்வதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அதுவரை அதன் மேல் 'காலி' என்று எழுதாமல் 'திரவம் இல்லை, ஆவி உண்டு' என்று சாக்பீஸில் எழுதி வைக்கலாம். கூடவே உள்ளே இருந்த திரவத்தின் பெயரும் அதன் ஆவிப்பற்று நிலையும் இருந்தால், ராத்திரி ஷிப்டுக்கு வருபவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.