நிழல் கீழே தெரிந்தால் கோளாறு மேலே

பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் எல்லாம் தலைகீழாகத் தெரியுமாமே என்று, பேரனைத் தூக்கிக்கொண்டு வரும் ஆச்சிமார் கேட்பதுண்டு. அப்படிக் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பது புரிகிறது. நம் எல்லோர் கண்ணிலும் விழித்திரையில் படம் தலைகீழாகத்தான் விழுகிறது. இருட்டறைக் கதவில் சிறு துவாரம் இருந்தால், தெருவில் போகிற சைக்கிள் எதிர்ச்சுவரில் தலைகீழாக ஓடுமே, ஏறக்குறைய அதே சங்கதி. கெப்ளர் 1604இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

அந்தப் படத்தை நிமிர்த்திவைக்க மூளைக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. விழித்திரையின் மேல்பாதியில் எது பட்டாலும் அது கீழே இருக்கும் பொருள் என்று மூளை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள் (கண் ஆபரேஷன் ஆனவர்கள் வேண்டாம்): மூக்குப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, கண்ணின் வெளி ஓரத்தை இமைக்கு மேலேயே மெதுவாக அழுத்தினால், கரு வட்டம் ஒன்று மூக்குப் பக்கம் தெரியும். அழுத்தியது ஒரு பக்கம், தெரிவது எதிர்ப்பக்கம்.

வேடிக்கை இதோடு சரி. இதே கணக்கை வைத்துத்தான் கண் டாக்டர்களான நாங்கள் நோய் இருக்கும் இடத்தையும் கண்டுபிடிக்கிறோம்.

அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். “வரப்புல நடக்கையில கால் வைக்கிற இடம் மறைக்குது. வலி ஒண்ணும் கிடையாது பாத்துக்கிடுங்க” என்றார். கீழேயிருந்து ஒரு திரை ஏறுகிறதாம். அதற்கு முன்னால் கொஞ்ச நாள் கண்ணில் பூச்சி பறப்பது போலத் தெரிந்திருக்கிறது, இருட்டில் மின்னல் வெட்டுவது போலவும் இருந்திருக்கிறது. பிசான நெல் அறுவடை முடியட்டும் என்று இருந்துவிட்டார். “அண்ணாச்சி, திரை கீழே தெரிஞ்சா சவ்வு மேலே விலகியிருக்குன்னு அர்த்தம்” என்று படம் போட்டுக் காட்டினேன். சவ்வு என்றது விழித்திரையைத்தான்.

மேலே விலகுவதுதான் அதிக அவசரம். பின்னால் சேரும் நீர் கீழ்நோக்கி இறங்கி, நடுப்பார்வைக்கான மாக்குலாவையும் சீக்கிரம் பிரித்துவிடும். மாக்குலா ஒட்டியிருக்கும்போதே ஆபரேஷன் செய்தால் பார்வை நன்றாக நிற்கும். பிரிந்த பிறகு செய்தால் சவ்வு ஒட்டினாலும் பார்வை முழுதாகத் திரும்புவது சிரமம். அவருக்கு அரைகுறையாகத்தான் திரும்பியது. விழித்திரையில் வெறும் கிழிசலாக இருக்கும்போதே வந்திருந்தால் பெரும்பாலும் லேசரோடு போயிருக்கும்.

மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், புரை ஆபரேஷன் ஆனவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் அவ்வப்போது ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டையும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். திடீரென்று பூச்சியும் மின்னலும் கூடினாலோ, திரை தெரிந்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

எங்களுக்கும் தலைகீழ்தான். தலையில் விளக்கை மாட்டி, கையில் லென்ஸைப் பிடித்து விழித்திரையைப் பார்த்தால் எல்லாம் கவிழ்ந்து தெரியும். அதனால் படுத்திருப்பவர் நெஞ்சின் மேல் வரைபடத் தாளையே திருப்பிவைத்து வரைவோம். பார்த்தபடி வரைந்தால் போதும், நேராகிவிடும்.

ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு வைத்து அனுப்பினால் அடுத்த குழப்பம் வரும். வாயுக்குமிழ் மேலே மிதக்கிறது. நோயாளிக்கோ அது கீழே தண்ணீர் மட்டம் போல ஆடுவதாகத் தெரியும். நாள் போகப்போக அந்தக் கோடு இறங்கும். பயப்பட வேண்டாம், குமிழ் கரைகிறது. கிழிசல் இருக்கும் இடத்தில் குமிழ் அழுத்தத்தான் சிலரைக் குப்புறப் படுக்கச் சொல்கிறோம்.

வாயுவைப் பொறுத்து அது முழுக்கக் கரைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம்வரை ஆகும். அதுவரை விமானம் கூடாது, மாஞ்சோலை, கொடைக்கானல் என்று மலையேறவும் கூடாது. உயரம் போகப்போக வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறி, பார்வையே போய்விடலாம். குற்றாலம் அடிவாரம்தானே என்பார்கள். உயரம் சரிதான், ஆனால் டாக்டர் சொல்லும்வரை அருவியில் தலையைக் கொடுக்காதீர்கள்.